எந்தத் துரைக்கு இந்தக் கார்

சுங்கை லாலாங், கெடா
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை ரவிச்சந்திரனும் அந்த அயர்லாந்துக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ பத்துக் கேள்வி கேட்பாய், அப்புறம் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் முழுவதும் படித்துவிட்டு என்னைத் திட்டு, நடுவில் நிறுத்திவிட்டுப் போன் போடாதே. விஷயம் நீ வாங்கித் தருவதாகச் சொன்ன பெரிய கார் பற்றித்தான், அதோடு என் கண்ணைப் பற்றியும்.

மூன்று துரைமார்களுக்கு நான் கார் ஓட்டினேன் என்பது உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம். வெள்ளைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து, கதவைத் திறந்துவிடுவது, மூடுவது, பினாங்குக்கும் அலோர்ஸ்டாருக்கும் ஓட்டிக்கொண்டு போய்க் காத்துக் கிடப்பது. நீ படிவம் மூன்று படித்தபோது, பள்ளிக்கூட வாசலில் துரை காரை நிறுத்தி உனக்குக் கை காட்டினேன் என்று துரையம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குச் சோறு சாப்பிடும்போது உன்னிடம் சொன்னேன், ஒரு நாளைக்கு இதே மாதிரி காடி நம்முடையதாக இருக்கும், அப்பாதான் ஓட்டுவேன், பின்னால் உட்கார்ந்து மெதுவாகப் போ டிரைவர் என்று சொல்ல ஒரு பயலும் இருக்கமாட்டான் என்று. கோபத்தில் சொன்ன பேச்சு, நானே மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. பதினைந்து வருஷம் வைத்து ஓட்டுகிற மாதிரி நல்லதாக, புதிதாக, விலையைப் பார்க்காமல் நீங்களே தேர்ந்தெடுங்கள் அப்பா என்று நீ சொன்ன அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் அம்மா அதை உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், அவளுக்கே தெரியாது.

சரி, சுங்கைப்பட்டாணியில் அந்தப் பெரிய ஷோரூமுக்குப் போனோம். தினேஸ்வரன் என்று ஒரு தம்பி, கழுத்தில் டையும் வாயில் சிரிப்புமாக, வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி, காப்பியா டீயா என்று ஒரே உபசாரம். நான் காரைச் சுற்றி வந்தேன், பின்கதவைத் திறந்தேன், உள்ளே உட்கார்ந்தேன், முட்டி இடிக்கிறதா, தலை இடிக்கிறதா, கை வைக்கிற இடம் மெத்தென்று இருக்கிறதா, பேப்பர் படிக்க விளக்கு எங்கே என்று எல்லாம் பார்த்தேன். பின்னால் சாமான் வைக்கிற பூட்டைத் திறக்கச் சொல்லி கோல்ஃப் பை படுக்கை வாட்டத்தில் போகுமா என்று கேட்டேன். அந்தத் தம்பி அசந்துபோய் அங்கிள் கோல்ஃப் விளையாடுவீங்களா என்று கேட்டது. இப்படியே மூன்று கார் பார்த்து, மூன்றிலும் பின்சீட்டில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏங்க, எந்தத் துரைக்கு இந்தக் கார் என்று கேட்டாள். ஷோரூமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் காது சூடாகிவிட்டது. துரைமார்கள் புதுக் கார் எடுக்கும்போதெல்லாம் என்னைத்தான் முதலில் அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள், அந்தப் பழக்கம். எனக்கென்று ஒரு காரை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவே இல்லை அம்மா.

அப்புறம்தான் ஸ்டீரிங் பக்கம் உட்கார்ந்தேன். ஓட்டிப் பாருங்கள் அங்கிள் என்றது அந்தத் தம்பி. அது என் பக்கத்தில், உன் அம்மா பின்னால், நான் பெரிய ரோட்டில் குருண் வரைக்கும் போய்த் திரும்பினேன். என்ன கார்! வண்டி போவதே தெரியவில்லை, வெளியே மழை பெய்வதும் காதில் விழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, நம் தோட்டத்து ரோட்டிலும் ஒரு தடவை ஓட்டிக் காட்டலாம் என்று பீடோங் தாண்டி ரோடு பிரிகிற சிம்பாங்கில் இடது பக்கம் திருப்பினேன். கார் என்னவோ கத்தியது. கத்திய வேகத்தில் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிட்டது, மூன்று பேரும் முன்னால் போய் வந்தோம். என் இடது பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மா மோட்டார் சைக்கிளோடு தடுமாறிக் கால் ஊன்றி நிற்கிறார், பாசாரில் வாங்கிய கங்கோங் கீரைக் கட்டெல்லாம் ரோட்டில் கிடக்கிறது. ரூபினி, அந்த அம்மா வந்தது எனக்குத் தெரியவில்லை. கவனிக்கவில்லை என்று சொல்லவில்லை, அந்தப் பக்கத்தில் எனக்கு எதுவுமே இல்லை. கார் பார்த்தது, நான் பார்க்கவில்லை. இறங்கி ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டுக் கங்கோங்கைப் பொறுக்கிக் கொடுத்தேன். அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, தாக் அப்பா பாக்சிக், ஹாத்தி ஹாத்தி லா என்று ரொம்ப மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பரவாயில்லை, கவனமாக ஓட்டுங்கள் பெரியவரே என்று இதுவரைக்கும் என்னிடம் யாரும் சொன்னதில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை நான். தினேஸ்வரன் நான் ஓட்டுகிறேன் அங்கிள் என்று இறங்கி வந்தது. அதற்குள் உன் அம்மா ஸ்டீரிங் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இடது பக்கம் சுற்றிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் அம்மா லைசென்ஸ் எடுத்து இருபத்தெட்டு வருஷம், தினமும் விடியற்காலையில் தொழிற்சாலைக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய் வருகிறவள், ஆனால் நான் வண்டியில் இருந்தால் ஸ்டீரிங்கை அவளிடம் கொடுத்ததே இல்லை. டிரைவர் குழந்தைவேலு பெண்டாட்டி ஓட்ட அவன் பக்கத்தில் உட்காருவதா என்ற திமிர்தான், வேறென்ன. அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறாள். கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு அசைவு கிடையாது. ஷோரூமில் கொண்டு வந்து நிறுத்தியபோது, எந்த இடத்தில் பிரேக்கில் கால் வைத்தாள் என்று எனக்கே சொல்ல முடியவில்லை. உன் அம்மாவைப் புகழ்கிறேன் என்று நினைக்காதே, தொழில்காரன் உள்ளதைச் சொல்கிறேன். இதைப் படித்ததும் அவளிடம் சொல்லிவிடாதே, அப்புறம் வீட்டில் என் பேச்சு எடுபடாது.

மறு வாரமே என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டதாம், வலி இல்லாமல் ஓரத்திலிருந்து உள்பக்கமாகப் பார்வை போகுமாம், வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. போனது திரும்பி வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், கார் மட்டும் இனி ஓட்டவேண்டாம் என்று அந்த டாக்டர் பெண் சொன்னது. சின்னப் பெண், உன் வயசு இருக்கும், சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டது. நம் பழைய சாகா காரின் இடது கண்ணாடி இரண்டு வருஷத்தில் மூன்று தடவை உடைந்ததே, கேட் தூணைக் கோணலாகக் கட்டிவிட்டான் என்று கொத்தனாரைத் திட்டினேனே, அந்தத் தூண் நேராகத்தான் இருக்கிறது. உனக்கு ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் கார் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தேன். உண்மை அதுதான், வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொல்வேன் என்று உன் அம்மா மிரட்டினாள், கடிதம் கையில் கிடைக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று கெஞ்சிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்பினால் இப்பவே போய்விடுமே என்கிறாள். இரண்டு வாரம் கழித்து நீ அழுதால் போதும் என்று தபாலில் போடுகிறேன்.

அதற்காகக் கார் வேண்டாம் என்று நீ முடிவு செய்துவிடாதே. நாலு நாள் கார் சாவியைத் தொடாமல் வீட்டிலேயே கிடந்தேன், அஞ்சாவது நாள் நானே உன் அம்மாவைக் கிளப்பிக்கொண்டு திரும்பவும் ஷோரூமுக்குப் போனேன். இந்தத் தடவை பின்சீட்டுப் பக்கமே போகவில்லை. அவளை ஸ்டீரிங் முன்னால் உட்காரவைத்து, சீட்டை உயர்த்தினால் பானெட் முனை தெரிகிறதா, கால் பெடலில் முழுதாகப் பதிகிறதா, முட்டி வலிக்கு ஏறி இறங்கச் சுலபமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு காரில் ஏ.சி.யைக் கூட்டக்கூட டி.வி. மாதிரி ஒரு கண்ணாடியைத் தடவவேண்டியிருக்கிறது, ரோட்டைப் பார்ப்பாளா, அதைப் பார்ப்பாளா, அது வேண்டாம் என்றுவிட்டேன். கையால் திருகுகிற பொத்தான் உள்ள கார்தான் எடுக்கிறோம். பட்டறைக்கார தேவனிடமும் கேட்டேன். காற்றில் ஏறி இறங்குகிற சஸ்பென்ஷன் பத்து வருஷத்தில் செலவு வைக்கும் அண்ணே, சாதா ஸ்பிரிங் உள்ளதாக எடுங்க, சக்கரம் சின்னதாக, டயர் தடிமனாக இருந்தால் நம்ம தோட்டத்துக் குழிக்குத் தாங்கும் என்றான். தினேஸ்வரன் பெரிய சக்கரம்தான் ஸ்டைல் லா அங்கிள் என்றது, நீ வந்து குழியில் இறக்கிப் பார் தம்பி என்றேன். கருநீலம் சொல்லியிருக்கிறோம். நம்பர் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்று உன் அம்மா பிடிவாதம், அதில் நான் தலையிடவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். காரை என் பேரில் எடுக்காதே, நவமணி என்று அம்மா பேரில் எடு. இன்னும் பதினைந்து வருஷம் அதை ஓட்டப்போகிறவள் அவள். கோயில் வாசலில் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதும் அவள்தான், ஐயரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மனசு வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், வலிக்கிறது. ஆனால் அவள் ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து போவதும் நன்றாகத்தான் இருக்கிறது, முப்பத்தோரு வருஷமாக ரோட்டைத் தவிர வேறு எதைப் பார்த்தேன், இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்காதே, இந்த நோய் பிள்ளைகளுக்கும் வரும் என்று டாக்டர் சொன்னதால் நீயும் உடனே கண்ணைக் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. நீங்கள் இரண்டு பேரும் எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட நாள் நல்லபடி வாழ அப்பா அம்மா இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. தீபாவளிக்குக் கட்டாயம் வா. பினாங்கு விமான நிலையத்துக்கு அம்மா ஓட்டிக்கொண்டு வருவாள், நான் பக்கத்தில் இருப்பேன். வாசலில் கூட்டத்தில் ஓரமாக நின்று கை காட்டாதே அம்மா, எனக்குத் தெரியாது. நேராக என் முன்னால் வந்து நில். நேராக நின்றால் உன் முகம் இன்னும் முழுசாகத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
மு. குழந்தைவேலு