சர்க்கரை போடாத பருப்பு

ஒத்தக்கடை,
12.10.2003

அன்பு மகள் வித்யாஸ்ரீக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம், நீயும் வீட்டுக்கார சவிதாபென் அம்மாவும் அங்கே கென்யாவில் சுகமாக இருக்க அழகர் துணை இருக்கட்டும். விமானத்தில் அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்தது, இப்போது வடிந்துவிட்டது. நாங்கள் இல்லாத நாட்களில் உன் அண்ணன் வெங்கடேஷ்பாபு மாடித் தொட்டியை மூடாமல் விட்டு, காக்கா குளித்த தண்ணீரில்தான் குளித்திருக்கிறான். எதிர்வீட்டு அழகம்மாள் வந்து, "மகள ஒத்தையில விட்டுட்டு வந்திருக்கீகளே, அந்த வீட்டம்மா நல்லவுகளா?" என்று கேட்டாள். ரொம்ப நல்லவங்க என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருப்பதுபோல உள்ளே ஓடி வந்துவிட்டேன். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

போனில் சொல்லலாமென்றால் போன் சவிதாபென் அம்மாவின் கூடத்தில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், எழுத வருவது தமிழ் மட்டும். நம் ஜனங்களின் பழக்கம் உனக்குத் தெரியும். ஜவுளிக்கடையில் விலை படியாவிட்டால் கடைக்காரர் எதிரிலேயே நம் பாஷையில், எழுந்திரு, இவன் கொள்ளையடிக்கிறான் என்போம், முகத்தில் மட்டும் சிரிப்பு இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளின் சேலையைப் பற்றி அவள் தோளில் இடித்துக்கொண்டே பேசுவோம். நாம் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். அந்த தைரியத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கென்யாவுக்கு வந்திருந்தேன்.

வந்த அன்றே அந்த அம்மா தண்ணீர் கொடுத்து பானி என்றார். நாமும் பானி என்றுதானே சொல்கிறோம், எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? இந்திக்காரர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். நம் முன்னோர் குஜராத்திலிருந்து வந்தவர்கள் என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் பெருமையடிக்கிற குடும்பம், ஒரு குஜராத்தி அம்மா எதிரில் நின்று சோறு போடும்போது அதை மறந்துவிட்டது.

நீ கால் சூம்பிய பிள்ளைகளுக்கு நடை பழக்க முகாமுக்குப் போயிருந்தாய். மத்தியானம் எனக்கும் அப்பாவுக்கும் அவர்தான் பரிமாறினார். பருப்பில் சர்க்கரை போட்டிருந்தது. எனக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. காலையில் நீ அவருடைய துணிகளைக் கொடியில் காயப்போட்டதைப் பார்த்திருந்தேன். பிசியோதெரபி படிக்க வைத்த பெண் சம்பளமும் இல்லாமல் இங்கே வந்து துணி காயப்போடுகிறாளே என்று வயிறு எரிந்தது. தட்டை நீட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, அப்பாவிடம் நம் பாஷையில் சொன்னேன். கிழவிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி கிடைத்துவிட்டாள், பருப்பைப் பாயசமாக்கி வைத்திருக்கிறாள், இந்தக் குணத்துக்குத்தான் லண்டனில் இருக்கிற பிள்ளைகள் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று. அப்பா சிரித்தார். அந்த அம்மா என் தட்டில் இன்னொரு சப்பாத்தி வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து எங்கள் பருப்பில் சர்க்கரை இல்லை. அப்போதாவது புத்தி வந்ததா? கிழவி தேறிவிட்டாள் என்று அதையும் நம் பாஷையில்தான் சொன்னேன்.

கிளம்பும்போது நீ டாக்ஸியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குஜராத்தியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். என் பிள்ளைகள் வருவதில்லை, அது என் தலையெழுத்து, உன் பெண் என் வீட்டில் வேலைக்காரி இல்லை, மனசில் பாரம் வைக்காமல் போய் வா என்றார். பாதி வார்த்தைகள் நம் வார்த்தைகள். எனக்கு எல்லாம் புரிந்தது, வித்யாஸ்ரீ. எனக்கு அவர் பேச்சு புரிகிறதென்றால் அவருக்கு என் பேச்சு முதல் நாளிலிருந்தே புரிந்திருக்கிறது. காலில் விழுந்திருக்க வேண்டும். நான் தலையை ஆட்டிவிட்டு டாக்ஸியில் ஏறிக்கொண்டேன். விமானத்தில் நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வாடகை வாங்காமல் உனக்கு அறை கொடுத்திருக்கும் மனுஷி. அவர் முகம் சுளித்திருந்தால் நீ எங்கே போய் நின்றிருப்பாய், அந்தப் பிள்ளைகளுக்கு யார் நடை பழக்குவார்கள்? நீ போனில் பேசுவதைக் கேட்டால், அவர் உன்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதுதான் என்னைக் கொல்கிறது. நல்ல சுங்குடிச் சேலை ஒன்று வாங்கி அனுப்பலாம் என்றேன். சேலையைக் கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறாயா என்றார் அப்பா. சிரித்ததற்கு அவருக்கும் வெட்கம்தான், சொல்லமாட்டார், ஆனால் இப்போதெல்லாம் கடைத்தெருவில் தமிழில்தான் பேசுகிறார்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் ஆறியபின் அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, இதில் உள்ளதை நம் பாஷையில் அப்படியே சொல். அம்மாவைக் காப்பாற்றுவதற்காக எதையும் மாற்றாதே. அவருடைய துணியை நீயே விரும்பித்தான் காயப்போட்டிருப்பாய், இனியும் போடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, கொசுவலை கட்டாமல் தூங்காதே. நீயும் உன் கைபிடித்து நடக்கும் பிள்ளைகளும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இது கிடைத்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய்வேன், மறந்துவிடாதே. முதலில் ரிசீவரை அவரிடம் கொடு. அவர் என்ன சொன்னாலும், எவ்வளவு வேகமாகத் திட்டினாலும், கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜ. ராதாமணி