யார் முதலில் கூப்பிடுவது

ஆரணி
8-9-2025, திங்கள்

ஈர்க்குச்சி,

நாலு பேர் எதிரில் உன்னை மாமா என்றுதான் கூப்பிட்டேன். இந்தப் பெயர் நம் ரெண்டு பேருக்குள் மட்டும். எழுத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறது. ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் எப்போதும் போலச் சிரித்துக்கொள்.

நேற்றோடு உன் காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். நம்ம பொண்ணு தேவிப்ரியா மட்டும் லீவு போட்டுவிட்டு என்னோடு இருக்கிறாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை மாமா. உன்னைத் தேடிப் போன உன் தம்பி பாலு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்து போன் செய்தபோது என் கையில் தறிக்கு நூல் சுற்றுகிற தார் ராட்டை. அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அண்ணி, அண்ணன கண்டுபுடிச்சிட்டேன். விடிகாலைல போயிட்டாராம் அண்ணி. பேர் எழுதற எடத்துல கோடு போட்டு வெச்சிருந்தாங்க." கேட்டுவிட்டு, பாதியில் நின்ற தாரை முழுசாகச் சுற்றி முடித்தேன். நூல் அறுகிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தேன். ஏன் உப்பு என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

டெல்லி கைத்தறிக் கண்காட்சிக்குக் கிளம்பின ஆள். மற்றவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே போய்விட்டார்கள், நீ அந்த அரக்குப் புடவையை முடிக்கிறேன் என்று பின்தங்கி, முடிக்காமலே தனியாகப் போனாய். நடுவழியில் ஒரு ஸ்டேஷனில் டீ குடிக்க இறங்கினாயாம். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாயாம். ஆதார், டிக்கெட், துணி எல்லாம் இருந்த பை ரயிலோடு டெல்லிக்குப் போய்விட்டது. உன்னிடம் இருந்தது சட்டைப் பையில் அந்தப் பழைய செல் ஒன்றுதான். பூட்டு போட்ட செல். சாயந்திரம் அதுவும் அணைந்துவிட்டது. இரண்டு நாள் நீ ஆஸ்பத்திரியில் பெயர் இல்லாத ஆளாகக் கிடந்தாய்.

அந்த செல்லுக்காகத்தானே நமக்குச் சண்டை. காலையில் நீ தறியில் உட்காருவாய், மதியத்துக்கு மேல் நான். சண்டை என்றால் பேச்சு கிடையாது, தறி மேல் சீட்டுதான். உன் சீட்டெல்லாம் இன்னும் டப்பாவில் இருக்கிறது.

"இருபதுக்கு வந்தா பொட்டுனு அணைஞ்சிபோவுது. டெல்லில ஜிபே பண்றவன் நான் சார்ஜ் போடற வரிக்கும் நிப்பானா? புதுசு வாங்கப் போறேன்."

"இத்தினி நாள் ஓடுனது இன்னும் ரெண்டு மாசம் ஓடாதா? தீபாவளிக்கு வாங்கலாம். பொறு."

"நீ பொறு பொறுன்னு சொல்லியே எனக்குத் தலை நரைச்சுது."

"முடி இருந்தாதானே நரைக்கறதுக்கு."

அதற்கு நீ பதில் எழுதவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை செருமினாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் நான் தோற்றேன். முதலில் பேசுகிறவர்தான் தோற்றவர், தோற்றவர் ஒரு வாரம் ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தார் சுற்ற வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு தடவை கூடத் தோற்றதில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை.

தேவி என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு நேற்று ஒன்று சொன்னாள். "செல் பூட்டி இருந்தா இன்னாம்மா, யாராச்சும் கூப்ட்டிருந்தா அங்க இருந்தவங்க எடுத்துப் பேசி இருப்பாங்க. நம்ம நேரம், யாரும் கூப்பிடல."

யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு நம் விளையாட்டு தெரியாது.

உன்
சொர்ணா


ஆரணி
16-9-2025, செவ்வாய்

ஈர்க்குச்சி,

சாப்பிட்டேன். நீ கேட்கமாட்டாய், நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் சாவுப் பத்திரத்தில் பெயரைச் சேர்க்க நான் அங்கே நேரில் போகவேண்டுமாம். இருபத்து நாலாம் தேதி பாலு தம்பியோடு ரயில். தேவி ஒரே பிடிவாதம். "அவ்ளோ தூரம் இந்தப் பட்டன் செல்ல நம்பிப் போவாதம்மா. அப்பா செல்லக் குடுத்துட்டு ஒரு நல்ல செல்லா மாத்திக்க. போறதுக்கு முன்னாடியே வாங்கிடு." வந்து பார்த்துக்கலாம், பொறு என்று சொல்ல வாய் திறந்தேன். இனிமேல் அந்த வார்த்தையை யாரிடம் சொல்வேன்? அவளோடு பஜாருக்குப் போனேன்.

கடையில் உன் செல்லை எடுத்து வைத்தேன். பின்மூடி கழன்று விழாமல் இருக்க நீ அரக்குப் பட்டு நூலால் கட்டி வைத்தாயே, கடைக்காரர் அந்தக் கட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இந்த செல்லா! ஒல்லியா ஒருத்தரு எடுத்துகினு வந்தாரும்மா. போன மாசம். பட்டு நூல் கட்டுன செல்ல எவன் மறப்பான்? புதுசு ஒண்ண எடுத்துக் கைல வெச்சிகினு ரொம்ப நேரம் பார்த்தாரு. பில்லு போடட்டுமான்னு கேட்டேன். வேணாம்பா, பொறுக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எங்க அவரு, வர்லியா?"

தேவி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். நீ வாங்கப் போயிருக்கிறாய் மாமா! என் பேச்சை மீறிக் கடை வரைக்கும் போயிருக்கிறாய். கையில் வேறு எடுத்திருக்கிறாய். அப்புறம் என் வார்த்தையையே சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாய்.

கடைக்காரர் பாவம், ஒன்றும் தெரியாதவர். "பழசக் குடுங்கம்மா, கழிச்சிக்கிறேன். உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சிட்டுத்தான் எடுத்துப்போம்" என்று கையை நீட்டினார். அவர் எடுப்பதற்குள் செல்லை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "இன்னாம்மா இது, பைத்தியம் மாரி" என்று தேவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

அதை இன்னும் சார்ஜில் போடவில்லை. திரை எரிந்தால் அதற்குள் என்ன இருக்குமோ என்று பயம்.

முதலாளி ஹேமநாத் ஆள் அனுப்பினார், அரக்குப் புடவையைக் கேட்டு. பதினாறு நாளும் தறியை யாரும் தொடவில்லை. போன புதன்கிழமை சூடம் காட்டிவிட்டு நான்தான் உட்கார்ந்தேன். நீ விட்ட இடம் கையில் தெரிகிறது, நெசவில் உன் அடி என் அடியைவிட இறுக்கம். முந்தானை மட்டும்தான் பாக்கி. நாளைக்கு முடிந்துவிடும், தறியில் இருந்து அறுத்து எடுத்துவிடுவேன்.

நான் பொறு என்று சொல்லாமல் இருந்திருந்தால் உன் கையில் புது செல் இருந்திருக்கும். எப்படிச் சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

உன்
சொர்ணா


20-8-2025, புதன் காலை

சொர்ணா,

இந்தச் சீட்டு உன் கையில் கிடைக்கும்போது நான் டெல்லியில் இருப்பேன். ஜரிகை உரசாமல் இருக்க, நெய்ததைச் சுற்றும் படமரத்தில் காகிதம் வைத்துச் சுற்றுவோமே, அதோடு இதையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். புடவையை முடித்து அறுத்துப் பிரித்தால்தான் வெளியே வரும். சனிக்கிழமை அறுப்பாய் என்பது என் கணக்கு.

நேற்று உனக்குத் தெரியாமல் செல் வாங்கப் போனேன். நல்ல செல்தான், கையில் பிடித்தால் வழவழ என்று இருந்தது. அப்புறம் யோசித்தேன். நான் டெல்லியில் இருந்து முகம் காட்டிப் பேசினால் நீ எதில் பார்ப்பாய்? உன் பட்டன் செல்லில் என் குரல்தான் வரும், அழகு வராது. எனக்கு மட்டும் ஒன்று வாங்க மனசு வரவில்லை. தீபாவளிக்கு ரெண்டாக வாங்குவோம் என்று வைத்துவிட்டு வந்தேன். உன் பேச்சைக் கேட்டுப் பொறுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இதை உன் ஜெயிப்பில் சேர்க்கக் கூடாது.

ஆனால் ஒன்று. இந்தத் தடவை நான் முதலில் பேசமாட்டேன். முடி இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டாய், அது லேசில் ஆறாது. சீட்டைப் படித்ததும் நீ கூப்பிடு. ஒரே ஒரு தடவை தோற்றால் குறைந்து போக மாட்டாய். அதுவரைக்கும் செல்லில் படம் பார்க்காமல் சார்ஜை மிச்சம் பிடித்து, கைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. முந்தானையில் அவசரப்படாதே.

ஜெயவேல்
(முடி இருக்கிறது, காதுக்கு மேலே)


ஆரணி
21-9-2025, ஞாயிறு

ஈர்க்குச்சி,

புதன்கிழமை புடவையை அறுத்துப் பிரித்தேன். ஜரிகைக் காகிதங்களோடு உன் சீட்டும் கீழே விழுந்தது. முதலில் ஏதோ ஹேமநாத் முதலாளி கணக்கு என்று நினைத்தேன். சொர்ணா என்று பார்த்ததும் தறிக்குழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்த மனுஷனிடம் இருந்து பதில் வருமா மாமா? அன்றைக்குத்தான் அழுதேன். தெருவே கூடிவிட்டதாம்.

அழுது முடித்த பிறகு உன் செல்லைச் சார்ஜில் போட்டேன். அதன் திரை எரிந்ததும் மடியில் வைத்துக்கொண்டு என் பட்டன் செல்லில் இருந்து உன்னைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. சொர்ணா, சொர்ணா என்று எரிந்துகொண்டே இருந்தது. நான் தோற்றுவிட்டேன். அன்று முதல் தார் எல்லாம் நான்தான் சுற்றுகிறேன், இன்னும் மூன்று நாள் பாக்கி.

அதோடு விட்டிருக்கலாம். பூட்டைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை என்றார்களே, எனக்குத் தெரிந்தது. எத்தனை தடவை உன் விரலைப் பார்த்திருக்கிறேன்! புடவைக் கரையில் கோபுரம் போடுகிற மாதிரி ஏறி, இறங்கி, ஏறுவாய். அப்படியே இழுத்தேன். திறந்துவிட்டது. நீ கடைசியாக யாரைக் கூப்பிட்டாய் என்று தேவியைப் பார்க்கச் சொன்னேன்.

அவள் பார்த்துச் சொன்னாள். "வியாழக்கிழமை மத்தியானம் ஒண்ணு அம்பத்திரண்டு. ஒனக்குத்தாம்மா. போட்டுட்டு, மணி அடிக்கறதுக்குள்ள அப்பாவே கட் பண்ணி இருக்காரு."

எனக்கு மணி அடிக்கவே இல்லை மாமா. சத்தியமாக அடிக்கவில்லை. அந்த நேரம் நான் செல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இன்றைக்குள் எப்படியும் நீ தோற்றுவிடுவாய் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாலு தம்பியிடம் கேட்டேன். நீ விழுந்தது இரண்டு மணி சுமார் என்று டீக்கடைக்காரர் சொன்னாராம். சரியாகத் தெரியாதாம்.

புதன்கிழமை கிளம்புகிறேன். புது செல் வாங்கவில்லை, இந்தச் செல்தான் என்னோடு வருகிறது. தேவி சார்ஜ் போடுகிற டப்பா ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள், இருபதுக்கு இறங்க விடமாட்டேன். அந்த ஸ்டேஷனில் இறங்கி, கோடு போட்ட இடத்தில் உன் பெயரை எழுத வைத்துவிட்டு வருவேன். கடை மனுஷன் மேல் எனக்குக் கோபமில்லை, புது செல் மேலும் இல்லை. பொறு என்று சொன்னதைக்கூட நீயே தீர்த்து வைத்துவிட்டாய். இது ஒன்றை மட்டும் தீர்க்காமல் விட்டுவிட்டாய்.

ஒண்ணு அம்பத்திரண்டுக்கு எதற்காக மாமா என்னைக் கூப்பிட்டாய்? எனக்காகத் தோற்றுவிடலாம் என்று கூப்பிட்டாயா, நெஞ்சு வலித்துக் கூப்பிட்டாயா?

சொர்ணா