மகள் பேரில் சொன்ன பொய்

மட்டாஞ்சேரி,
14-12-2025

அன்பு மகள் மகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை கோவிந்தும் அந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். மலையாளம் படித்து வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகவே படி. நீ சீக்கிரம் படித்து முடிக்கக் கூடாது என்று எனக்கே ஒரு ஆசை இருக்கிறது, ஏனென்றால் முடிக்கிறபோது அப்பாவைப் பற்றி உனக்கு இப்போது இருக்கிற நினைப்பு இருக்காது.

வீட்டு விஷயம் முதலில். பின்பக்கத்து ஓடு மாற்றியாயிற்று, இந்த மழைக்கு ஒழுகவில்லை. பாண்டிச்செல்வி சித்தி உசிலம்பட்டியிலிருந்து முருங்கைக்காய் கொடுத்து விட்டிருந்தாள், அம்மா சாம்பார் வைத்தாள், உப்புப் போட மறந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் உப்பு மறந்ததே இல்லை. நீ மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், அம்மா ஏன் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிட்டுப் போகிறாள் என்று. நான் ஒரு வாரம் முழங்கால் வலி என்றேன், மறுவாரம் காது சரியாகக் கேட்கவில்லை என்றேன். ரெண்டும் பொய். அவள் காதும் முழங்காலும் என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன.

போன வருஷம் பக்கத்துத் தெரு ஜெயலக்ஷ்மி டீச்சர் அம்மாவைப் பகல் வீட்டுக்குக் கூட்டிப்போனது உனக்குத் தெரியும். வாசகசாலைக்கு மேலே ஒரு பெரிய அறை, வயதானவர்கள் காலையில் வந்து பேசி, கஞ்சியும் பயறும் சாப்பிட்டு, மூன்று மணிக்கு வீட்டுக்குத் திரும்பலாம். சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுகிற இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அங்கே வேலை கொடுத்திருந்தார்கள். வராதவர்களுக்குப் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்பது, சுபத்ராம்மா மாதிரி படுத்துக் கிடக்கிறவர்கள் வீட்டுக்கு டீச்சரோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. சுக்குக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் முறத்தோடு உட்கார்ந்திருந்தவளை அங்கே இருந்தவர்கள் தமிழ்நாட்டுக்காரி என்பதால் பாண்டிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள், அவளுக்கு ஒரு பேர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பகல் வீட்டில் அவள் மாயம்மச் சேச்சி, எல்லாருக்கும் அக்கா. ஓணத்துக்குத் திருவாதிரைக் களி என்கிற வட்ட ஆட்டம் ஆடுவதற்கு, கும்மியடித்துப் பழகிய கை என்று இவளையே முன்னால் நிறுத்தினார்கள். வீட்டில் சோறு கொதிக்கிறபோதுகூடக் கையைத் தட்டிக்கொண்டு நின்றாள், நான் பார்த்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள்.

அந்த ஆட்டத்தைப் படம் பிடித்து ஒரு பேப்பரில் போட்டுவிட்டார்கள். வட்டத்தின் நடுவில் அம்மா, வாயெல்லாம் பல். கீழே பகல் வீட்டில் முதியோர் ஓணம் என்று எழுதியிருந்தது. நான் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒருவன் அதை மேசையில் விரித்து வைத்து, எந்தா ஒச்சப்பன் சேட்டா, மகள் அயர்லாந்தில், சேச்சி பகல்வீட்டில், அப்போ அங்கே அடுத்தது சேட்டனோ என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கேலிக்குத்தான் சொன்னான், அஞ்சு நிமிஷத்தில் அவனே மறந்திருப்பான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. பெற்றவர்களைக் கவனிக்காத மகள் என்று உன்னைச் சொல்வார்கள், பெண்டாட்டியைக் கவனிக்காதவன் என்று என்னைச் சொல்வார்கள் என்று நானாகவே ஊர் வாயையெல்லாம் என் தலைக்குள் பேசவிட்டுக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன்.

வந்து அம்மாவிடம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். மகா போன் பண்ணினாள், பேப்பர் படத்தை யாரோ அனுப்பியிருக்கிறார்கள், அவளோடு வேலை பார்க்கிற மலையாளிப் பிள்ளைகள் எல்லாரும் கேட்கிறார்களாம், அம்மாவை அனாதை மாதிரி அங்கே கொண்டுபோய் விட்டீர்களா என்று அழுகிறாள் என்றேன். நீ அழவே இல்லை. நீ போனே பண்ணவில்லை. அந்தப் படத்தை நீ பார்த்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே உன் வேலையில் நீ வயதானவர்களைத்தான் கையைப் பிடித்து நடக்க வைக்கிறாய், பாட்டுப் போட்டுக் கை தட்ட வைக்கிறாய். அப்படிப்பட்ட உன் பேரை எடுத்து நான் இந்த வேலைக்குப் பயன்படுத்தினேன். நான் போகாதே என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். உன் கண்ணீர் என்றால் மறுபேச்சு இருக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டுவிட்டு அம்மா அடுப்பை அணைத்தாள், அவ்வளவுதான். மறுநாள் நானே போய் அங்கே பொறுப்பில் இருக்கிற ஸ்ரீநாத் தம்பியிடமும் மகளுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் பகல் வீட்டுப் பக்கமே போகவில்லை. எனக்கென்ன, காலையில் சாயாக்கடை, சாயங்காலம் படகுத்துறை, ஊரில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. அவளுக்கு ஊர் என்று இருந்தது அந்த ஒரு அறைதான் என்று நான் யோசிக்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பாள். நீ கூப்பிட்டால் நல்லாருக்கியா சாப்பிட்டியா என்பாள், எங்கே மேற்கொண்டு பேசினால் நீ திரும்பவும் அழுதுவிடுவாயோ என்று போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் அதை வாங்கி உன்னோடு சிரித்துப் பேசுவேன். இப்போது நினைத்தால் என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்கக் கூசுகிறது.

போன செவ்வாய்க்கிழமை டீச்சர் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் இருந்தது அவருக்குத் தெரியாது. சுபத்ராம்மா படுக்கையில கெடந்துண்டு தெனமும் உங்களையேதான் கேக்கறா, நான் போனா மாயம்மா எங்கேன்னு மூஞ்சியத் திருப்பிக்கறா, ஒரு நாள் வாங்கோளேன் என்றார். அம்மா சொன்னாள், வேணாம் டீச்சரே, எம் மக அழுதிருக்கு, அத்தாந் தொலைவுல கெடந்து வேலை பாக்குற பிள்ள, நான் ஆடிப்பாடி அவ மானத்த வாங்கவா, அவளத் தப்பா நினைச்சுராதீங்க, அவ நல்ல பிள்ள, எம்மேல உள்ள பாசத்துல சொல்லுது. நீ சொல்லாத சொல்லுக்கு உன் அம்மா உனக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தாள், மகா. நான் கதவுக்குப் பின்னால் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு எழுத்தும் தெரியாமல் நின்றேன்.

மறுநாள் காலை அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். திட்டுவாள், அரிசியைக் கொட்டுவாள் என்று நினைத்தேன். கை நிற்கவில்லை. பொறுக்கியபடியே, அப்ப எம் பிள்ள அழலயா என்று கேட்டாள். அழவில்லை என்றேன். மூணு மாசமா அவ அழுத முகமே கண்ணுல நிக்குது என்றாள். அப்புறம்தான் முறத்தைத் தள்ளி வைத்தாள். நாற்பத்தைந்து வருஷமாக என்னை நீங்க என்று சொல்லிப் பழகியவள், நீ சொல்றத நான் இனி எதை நம்ப, அழலன்னு சொல்றியே அதுவும் பொய்யா இருந்தா என்றாள். போன் போட்டு நீயே மகாவிடம் கேள் என்றேன். நான் கேட்டா எம் மனசு நோகும்னு இல்லன்னுதான் சொல்லுவா, நீ பண்ணினத உங் கைப்பட எழுதிப் போடு, அதப் படிச்சுட்டு அவளா என்னக் கூப்புட்டுச் சொல்லட்டும், அதுவரைக்கும் நான் எங்கயும் போகல என்றாள். எழுதியதை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் டீச்சர் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். ஆக இதை உனக்கு முன்னால் ஜெயலக்ஷ்மி டீச்சர் படிப்பார், அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. ஸ்ரீநாத்திடம் போய் உண்மையைச் சொன்னேன், சேச்சியுடெ பேரு நான் வெட்டியிட்டில்லா, பதிவில் அவள் பேரை இன்னும் அடிக்கவில்லை என்று மட்டும் சொன்னான், என்னை உட்காரச் சொல்லவில்லை. சாயாக்கடையில் இன்னும் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை, அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே, கால்சியம் மாத்திரையை விடாதே. அங்கே உன் கையைப் பிடித்து நடக்கிற அத்தனை பேருடைய வாழ்த்தும் உனக்கு வந்து சேரட்டும், நீங்கள் இருவரும் நிறைந்து வாழ வேண்டும். இது கிடைத்ததும் அம்மா போனுக்குக் கூப்பிடு, என் போனுக்கு வேண்டாம். நான் வெளியே போய்விடுகிறேன். அன்றைக்கு நீ அழவில்லை என்று முதலில் சொல், மற்றதை அப்புறம் பேசு. இந்த வரியையும் டீச்சர் அவளுக்கு வாசிக்கத்தான் போகிறார், தெரிந்தேதான் எழுதுகிறேன், இதைப் படித்து அழுதிருந்தால் அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

உன் பேரைச் சொல்லி உன் அம்மாவை வீட்டில் உட்காரவைத்த
அப்பா,
ஒச்சப்பன்