நீலத்தாள் சுற்றிய குடுவை

இன்று காலை குடுவையின் மூடியைத் திறந்ததும் கண்மாய்ச் சேற்று வாடை குப்பென்று வந்தது. நாம் இருவரும் தாவரவியல் நடத்திய அதே ஆய்வகம். வாடை வந்தால் உள்ளே பாசிக்கு உயிர் இருக்கிறது என்று நம்பவும் முடியவில்லை, செத்தாலும் நாறும். மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். குடுவையைச் சன்னலுக்கும் அலமாரிக்குமாக மாற்றி மாற்றி வைக்கிறேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன் காரியம் முடிந்தபின், நீ வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த குடுவையைப் பசுவந்தனையிலிருந்து உன் தம்பி பைக்கில் கொண்டுவந்து தந்தான். "கீழ ஊத்திறலாம்னு பாத்தோம்க்கா. அம்மைக்கு மனசு வரல. ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாவ" என்றான். நீ சுற்றிய நீலத்தாள் அப்படியே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் கிழிந்திருந்தது.

விளாத்திகுளம் பக்கத்துக் கண்மாய்ப் படியில், வழுக்கும் பழுப்புப் பாசியைப் பல் விளக்கும் பிரஷ்ஷால் சுரண்டினோமே, நினைவிருக்கிறதா? துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்டாள்: "படியக் கழுவுததுக்கா காலேசுல இருந்து வந்திருக்கீய?" நீ முகம் மாறாமல், "இல்லக்கா, கண்ணாடி பொறுக்குதோம்" என்றாய்.

பொய்யில்லை. டயாட்டம் என்கிற அந்தப் பாசியின் ஒவ்வொரு செல்லும் கண்ணாடிச் சுவருக்குள் வாழ்கிறது. மேலும் கீழுமாகப் பொருந்திய இரண்டு பாதிகள். "ஒங்க வீட்டு அடிப்பெட்டி, மேல்பெட்டிதாம்ட்டி" என்று தீப்பெட்டி செய்யும் என் அப்பாவின் ஆபீஸைக் கேலி செய்வாய். சுவரெங்கும் வரிவரியாய் நுண்துளைகள். உள்ளிருப்பதை நீக்கிச் சுவரை மட்டும் நுண்ணோக்கியில் வைத்தாலும், விளக்கைச் சாய்க்கச் சாய்க்க நீலமும் பச்சையும் ஓடும். சாயம் எதுவுமில்லை, துளைகளில் ஒளி வளைந்து சிதறுவதால் வரும் நிறம். சில சுவர்கள் ஒளியைக் குவித்து உள்ளே அனுப்பும், சில பரப்பிவிடும் என்று படித்திருந்தோம். உன் கேள்வி வேறு. "வெளிச்சம் பத்தாத கடல்ல சரி. நம்ம ஊரு வெயில்ல இந்தச் சுவரு வெளிச்சத்தக் கூப்பிடுதா, வெரட்டுதா?"

முதல் குடுவையை நான் வெயில் பட்டால் மருந்து பற்றிக்கொள்ளும் என்று பயந்த தீப்பெட்டி வீட்டு வளர்ப்பில், வெயிலே படக்கூடாது என்று அலமாரிக்குள் வைத்து வெளிறவிட்டேன். இரண்டாவதை நீ, வத்தல் காயப்போடுகிற வீட்டுப் பெண்ணாயிற்றே, மொட்டைமாடியில் வைத்து வேகவைத்தாய். யார் செய்தது பெரிய கொலை என்று நமக்குள் சண்டை. கடைசியில் ஆபீஸிலிருந்து பெட்டி ஒட்டுகிற நீலத்தாளைக் கொண்டுவந்தேன், மூன்றாவதற்கு நீ சுற்றினாய். அது பிழைத்தது. நீ பிழைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில், "கூசுது, சன்னல மூடு" என்பாய். மூடிவிட்டு நான் உட்காருவதற்குள், "ஏட்டி, இருட்டா இருக்கு, கொஞ்சம் தொற." திரையைப் பிடித்தபடியே நிற்பேன். எவ்வளவு திறந்தால் உனக்குச் சரி என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

மதியம் பொறுக்கமாட்டாமல் நீலத்தாளை அவிழ்த்தேன். கிழிசல் வழியே வெயில் நேராக விழுந்த இடத்தில் ஒன்றுமில்லை. தாள் முழுதாக மறைத்த இடத்திலும் ஒன்றுமில்லை. கிழிசலின் ஓரத்தை ஒட்டி, வெயிலும் நிழலும் சேரும் இடத்தில் மட்டும் பழுப்பாய்ப் படர்ந்திருந்தது. அதில் பொடிப்பொடியாகக் குமிழிகள், பாசி விடும் ஆக்சிஜன். சுவர் செய்த வேலையா, அந்தச் செல்களே ஊர்ந்துபோய்ப் பிடித்த இடமா, தெரியவில்லை. ஒரு குடுவையை வைத்து எதையும் முடிவு கட்டாதே என்று நீ அதட்டுவாய்.

உன் தம்பிக்குப் போன் செய்தேன்.

"உயிரோட இருக்காக்கா?" என்றான்.

பாசியைத்தான் கேட்டான். "இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குமிழிகளை எண்ணத் தொடங்கினேன்.

தாளை அதே கிழிசலோடு திரும்பச் சுற்றிச் சன்னலோரம் வைத்தேன். வீட்டுக்குக் கிளம்பி வாசல்வரை போனவள் திரும்பி வந்துவிட்டேன். இப்போதும் ஆய்வகச் சன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் மூடுகிறேன், கொஞ்சம் திறக்கிறேன். போதும் என்று சொல்ல நீ இல்லை.