கைலாசத்துக்குப் பனி

9-10-93, சனி

காலையிலிருந்து தூறல். மாடம்பாக்கம் பஸ் வரவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. நெஞ்சிலிருந்து மறுபடி நீர் எடுத்தார்கள். டி.பி. இல்லையாம். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: மீசோதீலியோமா. புற்றுநோயில் ஒரு வகை. ரொம்ப அபூர்வமாம். லாட்டரி விழுந்த மாதிரி.

"நான் பீடிகூட குடிச்சதில்ல சார்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நுரையீரலைச் சுத்தி இருக்கற ஜவ்வுல வர்றது. எங்க வேலை பாத்தீங்க?"

பிரேக் லைனிங் கம்பெனி, இருபத்தாறு வருஷம். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், மூட்டையைக் கிழித்துக் கொட்டும் வேலை. நாங்கள் அதைப் பஞ்சு என்போம்.

"அந்தத் தூசிதான். உள்ள போய் முப்பது, நாப்பது வருஷம்கூட சும்மா இருக்கும். வேலை டிரஸ்ஸோடவே வீட்டுக்கு வருவீங்களா?"

ஆமாம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

12-10-93, செவ்வாய்

வெயில். இடப்பக்கம் வலி. வாங்க: ஃப்யூஸ் ஒயர், கொண்டைக்கடலை, வலி மாத்திரை. வீட்டில் சரோஜாவிடம் நெஞ்சில் நீர் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பெண் உஷா கொலுவுக்கு வருகிறாள். எதிர்வீட்டு போனில் பேசும்போது இருமினாள். ஜலதோஷமாம். ஜலதோஷம்தான். இருபத்தேழு வயதுதானே.

14-10-93, வியாழன்

பரணிலிருந்து கொலுப் பெட்டி இறக்கினேன். கூடவே அந்த டப்பா. கைலாச மலைக்குப் பனி போடும் பஞ்சு. நவராத்திரிக்கு நவராத்திரி, வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கி, டிபன் கேரியரில் அடைத்து கம்பெனியிலிருந்து நான்தான் கொண்டு வந்தேன். ஆறு வயது உஷா உள்ளங்கையில் வைத்து மலைமேல் ஊதுவாள். முகமெல்லாம் வெள்ளை. "இன்னும் ஊதுடி கண்ணு" என்றவன் நான். படுபாவி.

பஞ்சை நனைத்து, கட்டி, கொல்லையில் புதைத்தேன். நாலு வெட்டு வெட்டுவதற்குள் மூச்சு முட்டியது. எலி கடித்துவிட்டது என்று சரோஜாவிடம் பொய்.

15-10-93, வெள்ளி. அமாவாசை

படி கட்டியாயிற்று. உஷா வந்துவிட்டாள், இருமல் இல்லை.

"மலை மொட்டையா இருக்கேப்பா. எதிர்வீட்டு அக்காகிட்ட பஞ்சு இருக்கும். நீங்கதான தெருவுக்கே குடுத்தீங்க!"

ஆமாம். ஒன்பது வீடு.

கிண்ணத்தோடு கிளம்பினாள். கத்திக் கூப்பிடப் பார்த்தேன், இருமல்தான் வந்தது. நிறைய வாங்கி வந்தாள். உள்ளங்கையில் வைத்து உதட்டருகே கொண்டு போனாள். கையைப் பிடித்துவிட்டேன். கிண்ணத்தை ஈரத்துணி போட்டு மூடினேன். சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

சரோஜா என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உஷாவையே பார்த்தாள்.

"வருஷா வருஷம் இவதானேங்க ஊதுனா?"