ஓரம் வெட்டிய கோப்பை

அனுப்புநர்:
த. வாசுகி (வயது 38),
க/பெ தர்மராஜ்,
ஜங்ஷன் ரோடு, விருத்தாசலம்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
மணிமுத்தாறு பீங்கான் தொழிலாளர் கூட்டுச் சூளைச் சங்கம்,
விருத்தாசலம்.

பொருள்: என் கணவர் தண்ணீர் குடிப்பதற்காகச் செய்த ஓரம் வெட்டிய பீங்கான் கோப்பைகளை உடைந்த சரக்கு என்று கருதி நொறுக்கியது – அந்த மாதிரிக்குப் போட்ட தடையை நீக்கி, மறுபடி சூளையில் ஏற்ற அனுமதி வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1.9.2008 அன்று சங்கப் பலகையில் ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் சங்கத்தில் உறுப்பினராக உள்ள ஒரு பட்டறையில் பதினாறு வருடமாக அச்சில் மண்கரைசல் ஊற்றும் வேலை செய்து வருகிறேன். இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சுருக்கிச் சொன்னால் நாலு கோப்பை உடைந்ததற்கு ஒரு பெண் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

1. என் கணவர் தர்மராஜ், வேப்பூர் போகும் தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். சென்ற ஆண்டு நவம்பர் மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நினைவு தப்பியது. வைரஸ் கிருமி மூளையின் அடித்தண்டைத் தாக்கியிருப்பதாகப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருபத்தோரு நாள் கழித்துக் கண் திறந்தார். உயிர் கிடைத்ததே பெரிது என்று இருந்தோம். ஆனால் இடது காது கேட்கவில்லை, பேச்சு வரவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. ஐந்து மாதம் மூக்கில் குழாய் வைத்துத்தான் கஞ்சி போயிற்று.

2. அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கும் ஸ்ரீரஞ்சனி மேடம், ஒரு நாள் என்னை இருட்டு அறைக்குள் கூட்டிப்போய், எக்ஸ்ரே படம் சினிமா போல ஓடுவதைக் காட்டினார். நல்ல உடம்புக்காரர் ஒருவர் ஒரு வாய் விழுங்குவது அது. நாக்கு பின்னால் தள்ளுகிறது. மூக்குக்குப் போகிற வழி மூடிக்கொள்கிறது. குரல்வளை மேலே எழும்பி மூச்சுக்குழாய்க்கு மூடி போடுகிறது. உடனே உணவுக்குழாய் திறக்கிறது. எல்லாம் ஒரே நொடியில் முடிந்து, மறுபடி மூச்சு வருகிறது. முப்பத்தெட்டு வருடமாக நானும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. பழமலைநாதர் கோயிலை எத்தனையோ தடவை சுற்றி வந்திருக்கிறேன். அந்த அறையில் கும்பிட்ட மாதிரி எங்கும் கும்பிட்டதில்லை. அன்று சாயங்காலம் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவே பயமாக இருந்தது.

அடுத்து என் கணவரின் படத்தைப் போட்டார். அதில் மூடி போட வேண்டியது போடவில்லை.

3. ஏப்ரலில் குழாயை எடுத்தார்கள். கெட்டியான கஞ்சி முதலில், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக என்று மேடம் பல தடவை சொல்லி அனுப்பினார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். ஐயா, நம் பக்கத்தில் யாரும் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பதில்லை. அண்ணாந்துதான் குடிப்போம். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி பாட்டிலைத் தூக்கி, சட்டையில் ஒரு சொட்டு படாமல் ஊற்றிக்கொள்கிற ஆள் அவர். அண்ணாந்து குடிக்கக் கூடாது என்று சொல்ல மேடத்துக்குத் தோன்றவில்லை; கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே நான் சொம்பை நீட்டினேன். அவர் அண்ணாந்தார். தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய், நிமோனியா என்று மறுபடி பதினோரு நாள் ஆஸ்பத்திரி. சொம்பைக் கொடுத்தது என் கை. அதை நினைக்காத நாள் இல்லை.

4. மோவாயை நெஞ்சில் ஒட்டினாற்போல் வைத்து, வாய் வைத்து உறிஞ்சினால்தான் அவருக்குத் தண்ணீர் சரியான வழியில் போகும். ஆனால் டம்ளரைச் சாய்த்தால் எதிர் ஓரம் மூக்கில் இடிக்கிறது. உடனே தலை தானாக நிமிர்ந்துவிடும். அதற்காக எதிர் ஓரத்தில் மூக்குக்கு இடம் விட்டு, அரைவட்டமாக வெட்டிய கோப்பை உண்டு என்று மேடம் ஒரு தாளில் வரைந்து காட்டினார். பிளாஸ்டிக் டம்ளரை வெட்டிப் பார்த்தோம். மெலிசாக இருப்பதால் உதட்டில் பட்டதே அவருக்குத் தெரியவில்லை. பாதி நெஞ்சில் ஊற்றிக்கொண்டார். பீங்கான் என்றால் கனமும் குளிர்ச்சியும் இருக்கிறது. உதட்டில் இன்னும் உணர்ச்சி இருக்கிற இடத்தில் அது தெரிகிறது.

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மே மாதம் ஆறு கோப்பை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் ஓரத்தை வெட்டி, மற்ற சரக்கோடு தங்கள் சூளையில் ஏற்றினேன். ஐந்து, வெட்டிய இடத்தில் சூட்டில் விரிந்து கோணிப்போயின. ஒன்று மட்டும் நேராக வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்தக் கோப்பையில் அவர் தண்ணீர் குடித்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குனிந்து, உறிஞ்சி, கண்ணை மூடி, நிறுத்தி, விழுங்கினார். குரல்வளை மேலே ஏறி இறங்கியதைப் பார்த்தேன். இருமல் வருமா என்று காத்திருந்தோம். வரவில்லை.

விழுங்குவது பழகப் பழகப் பேச்சும் மெல்லத் திரும்பியது. பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, நாக்கு அதிகம் சொல்லிப் பழகியதை முதலில் சொல்லிப் பாருங்கள் என்றார் மேடம். அவர் நெற்றி வியர்க்க வியர்க்கச் சொன்னது: “உள்ள ஏறி வாங்க… உள்ள ஏறி வாங்க.” வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் மட்டும் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

5. இதே கஷ்டத்தோடு அங்கே வருகிற மற்றவர்களுக்கும் வேண்டும் என்று மேடம் கேட்டதால், ஓரத்தைக் கொஞ்சம் தடிமனாக்கி ஆகஸ்டில் இருபத்து நான்கு கோப்பை ஊற்றினேன். சூளை பிரித்த 30.8.2008 அன்று நான் கணவருடன் புதுச்சேரியில் இருந்தேன். சங்கத்தில் சரக்கு பார்த்துப் பிரிக்கும் திரு. தங்கராசு அவர்கள், “ஓரம் ஒடஞ்ச மாலு, அச்சுலயே தப்பு இருக்குது” என்று சொல்லி, உடைந்த சரக்கு வெளியே போகக் கூடாது என்ற விதிப்படி இருபத்து நான்கையும் சுத்தியால் நொறுக்கச் செய்துவிட்டார். ஒன்றுகூடக் கோணாமல் வந்திருந்தன என்று அங்கே இருந்த பெண்கள் சொன்னார்கள். மறுநாள் வேலைக்கு வந்து குப்பைமேட்டில்தான் அவற்றைப் பார்த்தேன்.

அவர் மேல் நான் புகார் சொல்லவில்லை. பீங்கான் வேலை தெரிந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். விஷயம் தெரியாவிட்டால் நானும் செய்திருப்பேன். ஆனாலும் இருபத்து நான்கு கோப்பை ஒரே இடத்தில், ஒரே அளவில், வழவழவென்று உடையுமா என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். என் புகார், செப்டம்பர் முதல் தேதி ஒட்டிய அறிவிப்பின் மேல்தான். “குறையுள்ள கோப்பை மாதிரி” என்று அதில் எழுதி, இனி அதைச் சூளையில் ஏற்றக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். குறை கோப்பையில் இல்லை, ஐயா.

6. அவசரம் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே கோப்பையைக் கழுவும்போது போன வாரம் நகத்தால் தட்டிப் பார்த்தேன். சத்தம் மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கிறது. அப்படிச் சத்தம் மாறிய பீங்கான் எத்தனை நாள் தாங்கும் என்று தங்களுக்கும் தெரியும். அவருக்கு அந்த வித்தியாசம் கேட்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.

7. ஆகவே அந்த அறிவிப்பை நீக்கி, வரும் 24ஆம் தேதி புதன்கிழமை சூளை ஏற்றும்போது இந்தக் கோப்பைகளுக்கு ஒரு முழ இடம் ஒதுக்க உத்தரவிட வேண்டுகிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் நட்சத்திரக் குறி வைக்கிறேன். குறி உள்ளவற்றை உடைக்க வேண்டாம் என்று திரு. தங்கராசு அவர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

8. மாதிரிக் கோப்பை இணைத்தால்தான் மனுவை வாங்குவோம் என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இணைக்க இயலவில்லை. இருக்கும் அந்த ஒரே கோப்பையை அங்கே வைத்துவிட்டு வந்தால், திரும்பி வரும்வரை அவர் தண்ணீர் குடிக்க முடியாது. அளவு குறித்த படம் வரைந்து வைத்திருக்கிறேன். அது போதாது, நேரில்தான் பார்க்க வேண்டும் என்றால் தாங்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். காலை ஏழு மணிக்கு அவர் குடிப்பார். அரைக் கோப்பைக்குப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை தயவுசெய்து அவரிடம் எதுவும் பேச வேண்டாம்; கவனம் தப்பினால் புரை ஏறிவிடும். எதிர் வீட்டில்கூட அந்த நேரம் டிவியை நிறுத்திவிடுகிறார்கள். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்ததும், தங்களைப் பார்த்து “வாங்க சார்” என்பார். அதற்குப் பிறகு பேசலாம்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 15.9.2008

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
த. வாசுகி

இணைப்பு: கோப்பையின் படம் – 1