மந்திரித்த ஓலையும் உன் வயிற்றுப் பிள்ளையும்

ஆங் மோ கியோ
மார்ச் 22

அன்பு மகள் கேட்லினுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் துபாயில் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், தம்பி ஜோனாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

ஜோனாவுக்குப் போன வியாழக்கிழமை வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் பூஞ்சைக்கு மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. தப்பு என்னுடையது. திருநீற்றுப் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்க, போன குருத்து ஞாயிறில் மந்திரித்து வாங்கி ஒரு வருஷமாக வீட்டுச் சிலுவைகளில் செருகியிருந்த குருத்தோலைகளை எல்லாரும் கோயிலில் கொண்டுவந்து போட்டார்கள், மூட்டைக்குள் ஈரத்தில் பூசணம் பூத்து வெள்ளையாகத் தூள் பறந்ததாம். நறுக்க ஆள் வேண்டும் என்றதும் நான்தான் அவனை அனுப்பினேன். காய்ந்த இலை, மண், வைக்கோல் பக்கமே போகாதே என்று டாக்டர் மூன்று வயதிலிருந்து சொல்கிறாரேம்மா என்று தயங்கினான். மந்திரித்த ஓலை உன்னை என்னடா செய்யும், போடா என்றேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, என் வாய்க்குப் பயந்து போனான். பத்தாம் நாள் மூச்சுவிட முடியவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை, சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். கோயிலிலிருந்து பார்க்க வந்த ஒரு அம்மா, புனித ஓலையில பூசணம்னு வெளிய சொல்லாதீங்க லா, கேக்க நல்லால்ல என்றாள். திட்டி அனுப்பிவிட்டேன்.

வெளியே சொல்லாதே என்று சொல்லியே இந்தக் குடும்பம் நாசமாய்ப் போனது. என் தம்பிகள் இரண்டு பேரும் ஐந்து வயது தாண்டவில்லை, நெஞ்சுச் சளி என்று மறைத்து என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பூசணத்தையும் கிருமியையும் கொல்ல ரத்தத்துக்குச் சக்தியில்லாத குறை அது, பெண்ணை விட்டுவிட்டு அவள் பெறும் ஆண் பிள்ளையைப் பிடிக்கும் என்று மூன்று வயதில் ஜோனா படுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உனக்கும் என்னிடமிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். கல்யாணத்துக்கு முன்னாலேயே எடு என்றேன், சம்பந்தி வீட்டில் தெரிந்தால் அசிங்கம் என்றாய். இப்போது ஆண் பிள்ளை என்று ஸ்கேன் படம் அனுப்புகிறாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை கேட்லின்.

நீயாகச் சொல்லமாட்டாய். அதனால் ஜோனாவின் ரிப்போர்ட்டை நேற்று மருமகனுக்கு அனுப்பிவிட்டேன். அக்கா திட்டுவா, பரவால்ல, அனுப்புங்கம்மா என்று படுக்கையிலிருந்து ஜோனாதான் சொன்னான். இனி என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று நீ சொன்னாலும் சரி. ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக. பிள்ளை பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசி போட வருவார்கள், அதில் இருப்பது உயிருள்ள கிருமி, குறையுள்ள பிள்ளைக்கு அதுவே நோயாகிவிடும், அந்தக் குறை இல்லை என்று உறுதியாகும்வரை போடவிடாதே, மறக்காதே.

என் அம்மா எனக்குச் சொல்லாததை உனக்குச் சொல்லிவிட்ட,
அம்மா ரூபி